உயிரோடு இருக்கிறவளின் படம்

அந்தக் காலத்தில் போடிநாயக்கனூரில் ஒருவருடைய படம் பெரிய அளவில் சுவரில் ஏற வேண்டுமானால் அவர் முதலில் செத்தாக வேண்டும். உயிரோடு இருப்பவனுக்கு எதற்கு அவ்வளவு பெரிய படம்? அதுதான் ஆளே கண்முன்னால் கல்லு மாதிரி நிற்கிறானே! உயிரோடு இருக்கிறவரைச் சாயத்தில் எழுதினால் ஆயுசு குறையும் என்று வேறு ஒரு பேச்சு. ஆகையால் கடைத்தெருவில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிற அமாவாசையின் கடைக்குப் பெரிய படம் ஒன்று வந்தால், அவர் முதலில் கேட்பது "என்ன அளவு?" என்றல்ல. "எப்பத் தவறுனாக?" என்றுதான் கேட்பார்.

சட்டம் போடுவதோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. திருத்தவும் செய்வார். அமாவாசை என்று பெயரை வைத்துக்கொண்டு வருகிற முகத்தையெல்லாம் பௌர்ணமி ஆக்குவதே அவருக்குச் சோலி. நெற்றிக்குப் பொட்டு வைப்பார், வெறுங்காதுக்குக் கம்மல் போடுவார், வழுக்கைக்குக் கொஞ்சம் முடி கொடுப்பார். மாறுகண் நேராகிவிடும். கறுத்த ஆள் ஒரே ராத்திரியில் சிவந்துபோவான். பிள்ளைகள் வந்து பார்த்து, "எங்கப்பன் இம்புட்டு அழகாவா இருந்தாரு!" என்று அழுதுவிட்டுக் கூலிக்கு மேல் அரை ரூபாய் வைத்துவிட்டுப் போவார்கள். இத்தனை வருசத்தில் ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை. செத்தவர்கள் எங்கே எழுந்து வந்து சண்டை போட?

ஒச்சம்மாள் வந்தாள்.

ஐம்பத்தைந்தாம் வருசம், ஐப்பசி மாதம், புதன்கிழமை காலை. போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி, நேராக அமாவாசையின் கடைப்படி ஏறினாள். சேலைக் கரையெல்லாம் மலைச் சகதி. அமாவாசை சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்த்திருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஆத்தா, நீங்க அவுகளுக்குக் கூடப் பெறந்தவுகளா?"

"யாருக்கு?"

"இந்தா, இவுகளுக்கு."

அவர் காட்டிய படத்தில் செக்கச் செவேல் என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலணா அளவுக்குக் குங்குமம். இரண்டு சின்னக் காதுகள், இரண்டிலும் வெள்ளைக்கல் கம்மல். மூக்கில் பேசரி. கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. கீழே ஒரு பட்டை அடித்து, 'தோற்றம்' என்று ஒரு பக்கமும் 'மறைவு' என்று ஒரு பக்கமும் எழுதி, தேதிக்கு இடம் விட்டிருந்தது. அந்தச் சேலையின் மடிப்பும், மடியில் கிடந்த அந்தக் கைகளும் இல்லையென்றால் ஒச்சம்மாளுக்கே தன் படம் தெரிந்திருக்காது.

"இது நாந்தேன்" என்றாள்.

அமாவாசை எட்டி, 'மறைவு' என்ற எழுத்தைக் கையால் மறைத்தார்.

"நாந்தேன்யா இது! நானே என்னைய எழுதுன படம். உசுரோட வந்து முன்னால நிக்கிறேன், கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?"

அந்தப் படம் அவளுடைய ஆறு மாத உழைப்பு. காடாத்துணியில் வெள்ளை பூசி, மதுரையிலிருந்து வரவழைத்த சாயக் குழாய்களைக் கஞ்சத்தனமாகப் பிதுக்கிப் பிதுக்கி, தோட்டத்து வீட்டின் ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதியது. மதுரைப் போர்டிங்கில் படித்தபோதே சர்க்கார் டிராயிங் பரீட்சை இரண்டும் தேறியவள் அவள். அவள் தாமரை வரைந்தால் ஊர் மெச்சும். முருகன் வரைந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மனுசரை வரைந்தால் மட்டும் யாருக்கும் பிடிக்காது. அவள் மனுசர்களைத்தான் வரைந்தாள். காய் எடுக்கிற பெண்கள், சாக்குச் சுமக்கிறவர்கள், கடைசியில் தன்னை. மதராஸில் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு படம், இருபத்தைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை போடியில் ரயில் பார்சலில் போட்டுவிட்டால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சட்டம் போடச் சொல்லிப் போன வாரமே புருசனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அவள் எழுதிய ஒச்சம்மாளுக்கு ஒரு காது குட்டை, ஒரு காது நீளம். வலது காது இன்றைக்கு இருக்கிற காது. அறுத்துத் தைத்து, தையல் கோணலாகிச் சுருங்கிப் போனது. இடது காது பத்து வருசத்துக்கு முன்னால் இருந்த காது. தோள் வரை தொங்குகிற, தண்டட்டி ஆடுகிற வளர்த்த காது. அவள் ராசிங்காபுரத்துப் பெண். அந்த ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் பதினாறாம் நாள் காது குத்திப் பஞ்சு வைத்து, மாதா மாதம் கனம் கூட்டிக் காதை வளர்ப்பார்கள். காது நீளம் இல்லாதவள் மூளி. போடிக்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது அந்த நியாயம் அப்படியே தலைகீழாகிவிட்டது. மாப்பிள்ளை சோலைமலை இன்டர்மீடியட் வரைக்கும் படித்தவன். ஏலக்காய்க் கமிஷன் மண்டியும் மலையில் தோட்டமும் உள்ள வீடு. "எல்லாம் பிடிச்சிருக்கு. காத மட்டும் தச்சுட்டா நல்லது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

ஒரு கம்பவுண்டர் வந்து அறுத்தார். அறுத்த சதையை வாழையிலைக் கிழிசலில் சுருட்டி வெளியே எறிந்தார். ஒரு செவலை நாய் அதைக் கவ்விக்கொண்டு போனதை ஒச்சம்மாள் வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். பதினோரு நாள் காய்ச்சல். அதற்கப்புறம் ராசிங்காபுரத்துக் கோயில் பொங்கலுக்குப் போனபோது சொந்த அத்தையே, "நீ யாரு வீட்டுப் பிள்ள தாயி?" என்று கேட்டாள். சரி, போடியிலாவது போடிக்காரியாக ஏற்றுக்கொண்டார்களா? அந்தக் கோணல் தையலைப் பார்த்து, "பட்டிக்காட்டு ஒட்டுக்காது" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நான் யார் என்று பத்து வருசமாகக் கண்ணாடியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அந்தப் படத்தை எழுதினாள். இரண்டு காதும் என்னுடையவைதான், எதை நான் மறைக்க? என்று ஒரு வீம்பு.

இதையெல்லாம் அமாவாசையிடம் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"யாரக் கேட்டுக் கைய வச்சீக?"

"கோவப்படாதீக ஆத்தா. மலையில இருக்கிற உங்க மொகத்த நான் பாத்ததில்ல. அண்ணன் சோலைமலைதான போன வாரம் ஜீப்புல சாக்குச் சுத்திக் கொண்டாந்தாரு? வழக்கம்போல எப்பத் தவறுனாகன்னு கேட்டேன். ஒண்ணுஞ் சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சரி, பாவம், துக்கம் தொண்டைய அடைக்குதாக்கும்னு நானும் மேக்கொண்டு கேக்கல. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிச்சாரு."

"டீயக் குடிச்சாரா?"

"குடிச்சாரு ஆத்தா. புருசன் இருக்கயில போன புண்ணியவதியாச்சேன்னு குங்குமத்த நாந்தேன் கொஞ்சம் பெருசா வச்சேன்."

"காது?"

அமாவாசை தலையைச் சொறிந்தார். "அத அவரே சொன்னாரு. ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டையா இருக்கு, எழுதுன ஆளு தெரியாம எழுதிட்டாங்க, ரெண்டையும் ஒண்ணு போலச் சரி பண்ணிருங்கன்னாரு. இடது காதுல பூச்சுக் கனமா இருந்துச்சா, மேல அடிச்சா மேடு தெரியும்னு பிளேடால சுத்தமாச் சொரண்டி எடுத்துட்டுத்தேன் அடிச்சேன். சோலி சுத்தமா இருக்கும் ஆத்தா, பாருங்க."

ஒச்சம்மாளின் கை தானாக இடது காதுக்குப் போயிற்று. ஒருதரம் கம்பவுண்டர். இன்னொருதரம் பிளேடு. எத்தனை தரம்தான் அறுப்பார்கள் ஒரு காதை? அடப் பாவிகளா! அமாவாசையை இரண்டு அறை அறையலாம் போல வந்தது. ஆனால் அந்த மனுசன் தெரியாமல் செய்தவன். தெரிந்து செய்தவன் மண்டியில் உட்கார்ந்திருக்கிறான். பாதிச் சட்டம் அடித்த படத்தை அப்படியே தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். அமாவாசை பின்னாலிருந்து, "சட்டத்துக்குக் காசு வேணாம் ஆத்தா!" என்று கத்தினார்.

மண்டியில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சோலைமலை மெத்தைத் திண்டில் சாய்ந்து, வெளியூர் வியாபாரி ஒருவருக்கு உள்ளங்கையில் நாலு ஏலக்காயை வைத்து நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். ஒச்சம்மாள் மிதியடியோடு உள்ளே வந்து படத்தை அவன் முன்னால் நிறுத்தினாள்.

"எப்பத் தவறுனேன் நான்?"

"என்ன புள்ள, இங்க வந்துக்கிட்டு?"

"அமாவாசை அண்ணன் கேட்டாராமே. நானும் கேக்குறேன். எப்பத் தவறுனேன்? எந்த நாளு, என்ன கெழமை? கீழ தேதிக்கு எடம் விட்டுருக்காரு, சொன்னா எழுதிறலாம்ல?"

முறங்களின் சத்தம் நின்றுவிட்டது. வியாபாரி எச்சில் துப்பப் போகிறவர் போல எழுந்து வெளியே போனார். சோலைமலை குரலைத் தாழ்த்தி, "வீட்ல போய்ப் பேசுவோம் ஒச்சு" என்றான்.

"செத்தவ வீட்டுக்கு வரலாமா? தீட்டு இல்ல?"

"ஊரு பாக்குது."

"பாக்கட்டும். பொண்டாட்டி செத்ததுக்கு டீ குடிச்ச ஆளு ஊருக்குப் பயப்படலாமா?"

உண்மையைச் சொல்ல வேண்டும், சோலைமலை அடிக்கிறவன் அல்ல, குடிக்கிறவனும் அல்ல. சாயக் குழாய்களை மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தவனே அவன்தான். "எம் பொண்டாட்டி படம் வரைவா" என்று நாலு பேரிடம் பெருமையும் அடிப்பான். என்ன படம் என்று அந்த நாலு பேர் கேட்டால் மட்டும் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவான். நல்லவன்தான். நல்லவர்கள் செய்கிற அநியாயத்துக்குப் பஞ்சாயத்தே கிடையாது, அதுதான் ஒச்சம்மாளின் வயிற்றெரிச்சல்.

"மதராஸ்ல பெரிய பெரிய மனுசங்க பாப்பாங்க" என்று அவன் கிசுகிசுத்தான். "காதறுத்த கதையெல்லாம் அவுகளுக்கு எதுக்கு? அழகா ஒரு படம் போகட்டுமேன்னு நெனச்சேன். அமாவாசை அப்படிக் கேட்டப்ப, எம் பொண்டாட்டி தன்னையே இந்தக் கோலத்துல எழுதியிருக்கான்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல."

"அதனால கொன்னுட்டீக."

"கொன்னேனா? என்ன பேச்சுப் பேசுற! நான் ஒரு வார்த்த சொல்லல. பேசாமத்தான இருந்தேன்?"

கத்தினால் குறைந்துவிடுகிற கோபம் ஒன்று உண்டு. இது அந்தக் கோபமாக இல்லை. ஒச்சம்மாள் படத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள். போடிமெட்டுக்குப் போகிற அடுத்த ஜீப்பில், எஸ்டேட் ஆட்களுக்கு நடுவில், படத்தை மடியில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வளைவுக்கு வளைவு கம்மல் போட்ட அந்தச் செத்த மூஞ்சி அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. ஜீப்பில் ஒருத்தி, "யாரு தாயி, ஒங்க அக்காவா?" என்று உச்சுக்கொட்டினாள்.

தோட்டத்தில் ஸ்டோர் எரிந்துகொண்டிருந்தது. ஸ்டோர் என்றால் காய் உலர்த்துகிற கட்டிடம். வெளியே அடுப்பில் விறகெரியும், உள்ளே குழாய் வழியாகச் சூடு போகும், தட்டுத் தட்டாகப் பச்சைக் காய் பரப்பிக் கிடக்கும். ஒச்சம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டோரின் முன்கட்டில் படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, டர்பன்டைனும் துணியும் மொட்டைக் கத்தியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அமாவாசை அடித்தது கடைப்பலகைக்கு அடிக்கிற எனாமல். கீழே அவளுடைய பூச்சு காய்ந்து இறுகியிருந்ததால் எனாமல் தோலாக உரிந்து வந்தது. முதலில் குங்குமத்தை எடுத்தாள். "புண்ணியவதியாம், புண்ணியவதி!" கம்மல்களை எடுத்தாள், பேசரியை எடுத்தாள், சங்கிலியை எடுத்தாள். கன்னத்துச் சிவப்பை உரித்தபோது உள்ளேயிருந்து அவளுடைய கறுப்பு மெல்ல வெளியே வந்தது. கீழே இருந்த 'தோற்றம்', 'மறைவு' இரண்டையும் ஒரே இழுப்பில் வழித்துத் துணியில் துடைத்தாள். பொழுது சாய்வதற்குள் முகம் திரும்பி வந்துவிட்டது. இடது காது வரவில்லை. அங்கே வெறும் துணிதான் இருந்தது, பிளேடு பட்ட கோடுகளோடு.

மறுநாள் காலையில் காதைத் திரும்ப எழுதினாள். வந்தது. அவள் கைக்கு வராத காதா? தோள் வரை தொங்கிற்று, தண்டட்டியும் ஆடிற்று. எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் கூடியது.

காய் எடுக்கிற பேச்சி கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் வளர்த்த காதுதான். அறுக்கச் சொல்ல ஆள் இல்லாததால் தப்பித்த காது. மலையாளத்துக்காரர்களோடு வேலை செய்து அவள் பேச்சில் ஒன்றிரண்டு மலையாளம் ஒட்டியிருக்கும்.

"கொள்ளாம் தாயி, நல்லா இருக்கு. அச்சு அசல் நீதேன்" என்றாள் பேச்சி. "ஆனா ஒண்ணு. பாக்குற சனம் என்ன நெனைக்கும்? இவளே ஒரு காத அறுத்துக்கிட்டா, இன்னொண்ண விட்டுட்டான்னுல்ல நெனைக்கும்? அறுத்தவன எங்க?"

ஒச்சம்மாளுக்குச் சுரீர் என்றது. பேச்சி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் சோலி கிடந்தது.

அதுதானே! ஆறு மாதம் எழுதினேனே, எனக்கு ஏன் தோன்றவில்லை? அறுபட்டதை எழுதினேன், அறுபடாததை எழுதினேன். நானே என் கையால் ஒரு ஆளைக் காப்பாற்றிப் படத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார். தன்மேலேயே அவளுக்கு வந்த கோபம் மற்ற கோபத்தையெல்லாம் மிஞ்சிவிட்டது. சாயத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கையை உள்ளே கொண்டுவந்தாள். முழங்கை வரை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் தோல்வார் கடிகாரம், மோதிர விரலில் பச்சைக்கல். கட்டைவிரல் நகம் ஜீப் கதவில் நசுங்கிப் பாதி கறுத்திருந்தது. அந்தக் கை அவளுடைய நீளக் காதின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, கொஞ்சமாகத் தூக்கி, காயின் நிறம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தி ஒன்றும் இல்லை. முரட்டுத்தனமும் இல்லை. மிகவும் மரியாதையான கை. பத்து வருசம் சோறு போட்ட கை, அவள் நெற்றியில் காய்ச்சல் பார்த்த கை, பார்க்காமலே எழுத வந்தது. மூன்று நாள் அதை எழுதினாள். எழுதிய பூச்சு காய வேண்டுமே என்று ஸ்டோருக்குள் கொண்டுபோய், அடுப்புக்குத் தள்ளி, இளஞ்சூடு இருக்கிற மூலையில் காய்த் தட்டுகளோடு நிறுத்தினாள். படமெல்லாம் ஏலக்காய் வாசம் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை மதியம் சோலைமலை காலிச் சாக்குகளோடு ஜீப்பில் மேலே வந்தான். ஐந்து நாள் தாடி. பெண்டாட்டிக்கு என்று பொட்டலத்தில் மிக்சரும் அல்வாவும் வைத்திருந்தான். படத்துக்கு மரப்பெட்டி ஒன்றும் அடித்துக் கொண்டுவந்திருந்தான். ஸ்டோர் வாசலில் நின்று, "எந்தப் படமானாலும் சரி புள்ள, நானே பார்சல் ஆபீசுல போட்டுட்டு வர்றேன். வெரசாக் கட்டு, நாளைக்கு வண்டி" என்றான். சமாதானத்துக்குத்தான் வந்திருந்தான்.

ஒச்சம்மாள் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அவன் பக்கம் திருப்பினாள்.

சோலைமலை முதலில் முகத்தைத்தான் பார்த்தான். "பழைய மாதிரியே வந்துருச்சே" என்று நிம்மதியாகச் சொல்லத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். கண் இடது பக்கம் போயிற்று. கடிகாரத்தைப் பார்த்தான். மோதிரத்தைப் பார்த்தான். கறுத்த நகத்தைப் பார்த்தான். பிறகு தன் கையை, யாரோ கொடுத்த பொருள் போல, திருப்பிப் பார்த்தான். அல்வாப் பொட்டலம் அந்தக் கையில்தான் இருந்தது.

"வேணாம் ஒச்சு" என்றான். "இது வேணாம். நீ முன்ன எழுதுனதயே அனுப்பு. அந்தக் கைய மட்டும் எடுத்துரு."

"அத அறுத்து எடுக்கச் சொல்றீகளா?"

"மதராஸ்ல நம்ம ஊரு ஆளுக எத்தன பேரு இருக்காக. மண்டிக்கு வர்ற ஒருத்தன் பாத்தாப் போதும். இது யாரு கைன்னு எவனாவது வந்து என்னையக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"எதுக்குச் சொல்லணும்?" என்றாள் ஒச்சம்மாள். "தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பேசாம இருங்க. டீ வாங்கிக் கொடுத்தா குடிங்க. உங்களுக்கா தெரியாது?"



அவள் படத்தைப் பழைய சேலையில் சுற்றி மரப்பெட்டிக்குள் இறக்கினாள். மூடியை வைத்து நாலு மூலையிலும் ஆணி அடித்தாள். பெட்டி கனமாக இருந்தது, ஒருத்தியால் தூக்க முடியாது. ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தி ஹாரன் அடித்தான்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

அவன் அல்வாப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தான்.